பெடல் பொய் சொல்லாது

பொறுமை என்ற சொல்லோடு டேரிலுக்கு என்றைக்குமே நல்ல உறவு இருந்ததில்லை. பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு தண்ணீர் லாரிக்கும் ஒரு பள்ளிக்கூட வேனுக்கும் நடுவில் அவனுடைய ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டு நின்றது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த வித்யாலட்சுமி அவன் முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் தாளம் போட்டால் ஒன்று, கேஸ் சூடு பிடித்துவிட்டது. அல்லது டேரில் தப்பான ரோட்டில் வந்துவிட்டான். இன்றைக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன.

“மேடம், விரலை எடுங்க. கூச்சமா இருக்கு.”

“நீ வண்டிய எடு.”

“எங்க எடுக்கறது? தலையில வெச்சிக்கினு நடக்கலாம், வேணும்னா.”

சாயங்காலத்துக்குள் போலீஸ்காரர்கள் ஒரு மனிதரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். கொண்டுபோய்விட்டால் கொலை முயற்சி என்ற முத்திரை விழுந்துவிடும், அப்புறம் ஜெயில்தான். அதற்குள் அந்த மனிதர் ஏன் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

காலையில் அந்த மனிதருடைய மகள் தீபிகா ஆபீசுக்கு வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பேக்கரிக்கு மேலே ஓர் அறை. ரொட்டி வேகும் வாசனையில் கேஸோடு வருகிறவர்கள் தங்கள் கவலையைக்கூட மறந்துவிடுவார்கள். வித்யாலட்சுமி முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தவர். மனிதர்களின் பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்து, சொந்தமாகத் துப்பறிய வந்துவிட்டார். டேரில் அவருக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன், வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன்.

தீபிகா ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். அப்பா எத்திராஜுக்கு ஜீவனஹள்ளியில் கார் ரிப்பேர் ஷெட். ராஜேஷ்குமார் என்ற சாஃப்ட்வேர்க்காரரின் கார், பிரேக் போட்டால் கிறீச்சென்று கத்துகிறது என்று அங்கே வந்திருக்கிறது. ஆயுத பூஜையன்று காலையில் எத்திராஜ் தேய்ந்துபோன பிரேக் பேட்களை மாற்றி, ஓட்டிப் பார்த்து, கழுவி, பூஜைக்கு நிறுத்திவிட்டார். சாயங்காலம் ராஜேஷ்குமார் வந்து வண்டியைக் கேட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது ஷெட்டின் வழக்கம். எத்திராஜ் கொடுக்க மாட்டேன் என்றார். தெருவே கூடி வேடிக்கை பார்க்கிற மாதிரி வாக்குவாதம். “இன்னிக்கு எடுத்துக்கினு போனா எங்க போய் முட்டும்னு எனக்குத் தெரியாது” என்று எத்திராஜ் கத்தினார்.

மறுநாள் விஜயதசமி காலையில் ராஜேஷ்குமாரும் மனைவி லாவண்யாவும் வந்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை வண்டிக்குச் சொந்தக்காரர்தான் நசுக்கி ஓட்ட வேண்டும், ஓட்டினார்கள். ஷெட்டைத் தாண்டினால் ஒரு திருப்பம், அதை விட்டால் ரயில்வே பாலத்துக்கு அடியில் இறங்கும் சரிவு. சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. கார் பாலத்துச் சுவரில் முட்டி, லாவண்யாவின் கை எலும்பு முறிந்தது. முட்டும் என்று முதல் நாளே சொன்ன ஆளைத் தேடிப் போலீஸ் வந்தது. வந்த போலீசிடம் எத்திராஜ், நான்தான் செய்தேன் என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டுவிட்டார்.

அப்பா ஓர் எறும்பைக்கூட நசுக்கமாட்டார் என்று தீபிகா சொன்னாள். எல்லா மகள்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று டேரில் நினைத்தான். ஆனால் அவள் போகும்போது மேடத்தின் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டது அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. “செய்யாததை எங்கப்பா ஏன் மேடம் ஒத்துக்கணும்?”

தண்ணீர் லாரி நகர்ந்தது. டேரில் அந்த இடுக்கில் புகுந்தான்.

ஸ்டேஷன் வாசலில் இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் டீ குடித்துக்கொண்டிருந்தார். கன்னடக்காரர். தமிழர்கள் நிறைந்த இந்தப் பக்கத்தில் பல வருஷம் வேலை பார்த்ததில் தமிழ் தானாக ஒட்டிக்கொண்டுவிட்டது. வித்யாலட்சுமியைப் பார்த்ததும் டீயை ஒரே மடக்கில் முடித்தார்.

“இதுல துப்பறிய ஏனூ இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். ஆசாமியே ஒத்துக்கிட்டான். ஆயித்து, முடிஞ்சது.”

லாவண்யா மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாக்குமூலம் கொடுப்பார். வாங்கியதும் கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்றார். அதுவரைக்கும் எத்திராஜிடம் சில கேள்வி, அப்புறம் அந்தக் காரை ஒரு பார்வை, இவ்வளவுதான் எனக்கு வேண்டும் என்று வித்யாலட்சுமி கேட்டார். போன வருஷம் ஒரு களவுபோன ஜீப்பை மேடம் கண்டுபிடித்துக் கொடுத்து, பாராட்டு மட்டும் மஞ்சுநாத்துக்குப் போயிருந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே கை காட்டினார்.

எத்திராஜ் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். நகக்கண்ணில் கிரீஸ், சட்டைக் காலரில் பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. தீபிகா அனுப்பினாள் என்று கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்த டேரிலுக்கு அது வேடிக்கையாகப் பட்டது.

“பிரேக்கை என்ன பண்ணீங்க?” என்று கேட்டார் வித்யாலட்சுமி.

“பிளீடரைத் தெறந்து வுட்டேன்.”

பிளீடர் என்பது சக்கரத்துக்குப் பின்னால், பிரேக் குழாய் முடிகிற இடத்தில் இருக்கும் சின்னத் திருகு. அதைத் தளர்த்திவிட்டால் பிரேக் ஆயில் ஒழுகிப்போகும். மிதித்தால் பெடல் தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது. ரத்தக் குழாயை அறுத்துவிடுகிற மாதிரியான வேலை.

“எந்தச் சக்கரத்துல?”

எத்திராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு தடுமாறினார். “முன்னாடி. லெஃப்ட்டு.” பிறகு, “ரெண்டுமே,” என்றார்.

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்திராஜ் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நான் சொல்லிட்டேன் இல்ல. நீங்க வண்டிகிட்ட போவாதீங்க மேடம். பாப்பா இங்க வரக்கூடாது. அத மட்டும் பாத்துக்கோங்க.”

வெளியே வந்ததும் டேரில் வாயைத் திறந்தான். “மெக்கானிக்கே வண்டிய பாக்காதேங்கறாரு. நான் பார்த்த கேஸ்லயே இதான் முதல் தடவை.”

“அதனாலதான் முதல்ல அதைப் பாக்கணும்,” என்று மேடம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் பிடிபட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. முந்தின இரவு பெய்த மழையில் தரை சேறாகிக் கிடந்தது. வெள்ளி நிறக் கார் கடைசியில் நின்றது. முன்பம்பர் உள்வாங்கியிருந்தது. கழுத்தில் வாடிப்போன சாமந்தி மாலை, நெற்றியில் மழையில் கரைந்த குங்குமம். கான்ஸ்டபிள் சாவியைக் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போனார்.

“உள்ள உக்காந்து பிரேக்கை மிதி,” என்றார் மேடம்.

டேரில் மிதித்தான். பெடல் கொஞ்சம் இறங்கி, கெட்டியாக நின்றது.

“அப்படியே அழுத்திப் பிடி. இறங்குதா?”

“இல்ல. எங்க ஹவுஸ் ஓனர் மாதிரி. எவ்ளோ அழுத்தினாலும் இறங்கி வரமாட்டேங்குது.”

இப்போது இஞ்சினைப் போடச் சொன்னார். போட்டதும் அவன் காலுக்குக் கீழே பெடல் மெதுவாக ஓர் அங்குலம் தாழ்ந்து நின்றுகொண்டது. அது சரியான அடையாளம், இஞ்சின் கொடுக்கிற உதவி பிரேக்குக்குப் போகிறது என்று அர்த்தம். கோணிக்கொண்ட பானட்டை இரண்டு பேருமாக நெம்பித் திறந்தார்கள். பிரேக் ஆயில் புட்டியில் மேல்கோடு வரைக்கும் ஆயில் இருந்தது. முன்சக்கரங்களுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிய மேடம், இரண்டு பிளீடர் திருகும் இறுகியிருக்கின்றன, ரப்பர் மூடிகூடக் கழற்றப்படவில்லை என்றார்.

“குழாய்ல காத்து புகுந்திருந்தா ஸ்பாஞ்சை மிதிக்கற மாதிரி இருக்கும். ஆயில் போயிருந்தா தரையைத் தொடும். உள்ள இருக்கற சிலிண்டர் கெட்டிருந்தா கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இது மூணும் இல்ல. பெடல் பொய் சொல்லாது டேரில். உள்ள உக்காந்திருக்கற மனுஷன்தான் சொல்றார்.”

“அதாவது அவர் ஒத்துக்கிட்ட குத்தத்தை வண்டி ஒத்துக்கல.”

“கால்லேந்து சக்கரம் வரைக்கும் எல்லாமே ஒழுங்கா இருக்கு. அப்போ கோளாறு சக்கரத்துல இருக்கு.”

சொல்லிவிட்டு அவர் அந்தக் காரை விட்டுவிட்டு மற்ற வண்டிகளைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொன்றின் சக்கரத்துக்குள்ளும் குனிந்து பார்த்தார். டேரிலுக்கு உள்ளுக்குள் பரபரத்தது. மணி ஓடுகிறது, மேடம் யார் யாரோ வண்டிகளோடு குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவன் சாவியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான், சேற்றில் விழுந்தது, எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

“இங்க வா. சக்கரக் கம்பிக்கு நடுவுல ஒரு வட்டத் தகடு தெரியுது பாரு. அதான் டிஸ்க். பிரேக் போட்டா பேட் ரெண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்கும். இந்த வண்டில அது என்ன கலர்?”

“ஆரஞ்சு. துரு. ராத்திரி மழை.”

“அடுத்தது?”

“அதுவும் ஆரஞ்சுதான்.”

“இப்ப நம்ம வண்டி.”

டேரில் குனிந்தான். முன்சக்கரத்து டிஸ்க் பளபளவென்று எவர்சில்வர் தட்டாக மின்னியது. அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தான், அதுவும் அப்படியே. டிஸ்க் புதிதோ என்று கேட்டான். மாற்றியது பேட்தான், டிஸ்க் பழசு என்றார் மேடம். ஒரே மழையில், ஒரே இடத்தில் நனைந்த இரும்பு. எல்லா வண்டியிலும் துரு பிடிக்கிறது, இதில் மட்டும் பிடிக்கவில்லை.

“தொட்டுப் பாரு.”

கம்பிக்கு நடுவில் விரலை விட்டான். வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோனவன் திகைத்துப் போனான்.

“மேடம், இது எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி தலை. தேங்காண்ணெ.”

வித்யாலட்சுமி தலையாட்டினார். பிறகு அவனைச் சேற்றில் படுக்கச் சொன்னார். புதுச் சட்டை என்று சொல்லிப் பார்த்தான், பலிக்கவில்லை. காருக்கு அடியில் போனை நீட்டி, அதே டிஸ்க்கின் உள்பக்கத்தைப் படம் பிடித்தான். படத்தில் உள்பக்கம் மற்ற வண்டிகளைப் போலவே துருவேறிக் கிடந்தது.

“வெளிப்பக்கம் மட்டும் எண்ணெய். சக்கரத்தைக் கழட்டல. கம்பிக்கு நடுவுல துணியை விட்டு எட்டின வரைக்கும் தொடச்சிருக்காங்க. ஒரு பக்கம் பேட் வழுக்குது, ஒரு பக்கம் மட்டும் பிடிக்குது. சமதரைல ஓட்டினா கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கும். சரிவுல எங்க நிக்கும்?”

“பாலத்துல.”

“தொழில் தெரிஞ்சவன் பிரேக்கைக் கெடுக்கணும்னா தேங்காய் எண்ணெயோட வருவானா?”

டேரிலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எத்திராஜ் தப்பித்தார், மஞ்சுநாத்திடம் காட்டிவிட்டு மத்தியானம் பிரியாணி சாப்பிடலாம் என்றான். வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பி நேராகப் பாலத்தில்தான் போய் முட்டியது, வீட்டுக்கே போகவில்லை. அப்படியென்றால் ஆயுத பூஜைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில், ஷெட்டுக்குள் வந்து போன யாரோ ஒருவர். பிடித்துவிடலாம். அவன் பேசிக்கொண்டே போனான். மேடம் கூடச் சேர்ந்து சந்தோஷப்படவில்லை.

“யாருன்னு தெரியாம இதைச் சொன்னா, மஞ்சுநாத் கண்ணுல படற ஆளைப் பிடிப்பார். ஷெட்டுக்குப் போ,” என்றார்.

வழியெல்லாம் அவர் விரல் தாளம் போடவில்லை. கூச்சம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டுவது டேரிலுக்கு அன்றைக்குத்தான் பிடிக்காமல் போனது.

ஜீவனஹள்ளியில் தீபிகா ஷெட் வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே பூஜை இன்னும் கலையாமல் கிடந்தது. வாடிய வாழையிலையில் ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். எல்லாமே முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளத்தன. இலையின் ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கிண்ணமும் பழைய துணியும் இருந்தன. டேரில் கிண்ணத்தைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான், பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் மாட்டியிருந்த டயரைப் பார்த்தான்.

“இதெல்லாம் யாரும்மா இவ்வளவு அழகா அடுக்கினது?” என்று கேட்டார் வித்யாலட்சுமி.

இரண்டு நாளில் முதல் தடவையாகத் தீபிகாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “நான்தான் மேடம். கை கறுத்துடும்னு அப்பா என்னை ஷெட்டுக்குள்ளயே விடமாட்டாரு. பூஜைக்கு மட்டும்தான் வருவேன். எல்லாத்தையும் கழுவி, தேங்காண்ணெ போட்டுத் தொடச்சு, பொட்டு வெக்கறது நான்தான். ஸ்கூல் படிக்கறப்போலேந்து.” அன்றைக்கு ஷெட் நிறையக் கூட்டம், கஸ்டமர்கள்கூட வந்து சக்கரைப் பொங்கல் வாங்கிப் போனார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மேடம் அந்தத் துணியை எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அந்தக் கார் சக்கரத்தையும் தொடச்சியா?”

“ஆமா. கழுவி வெயில்ல நின்னதுல நடுவுல அந்த வட்டத் தகடு துரு பிடிச்சு அசிங்கமா தெரிஞ்சுது. ஸ்பானருக்குப் போடறேன் இல்ல, அதுக்கும் கொஞ்சம்…”

பாதியில் அவள் நிறுத்தினாள். மேடத்தின் முகத்தைப் பார்த்தாள், டேரிலின் சேற்றுச் சட்டையைப் பார்த்தாள்.

“அது என்ன தகடு மேடம்?”

“அதைப் பிடிச்சுத்தாம்மா வண்டி நிக்கணும்.”

தீபிகா அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மோதின அன்று அப்பாவுக்குப் பின்னாலேயே தானும் பாலத்துக்கு ஓடியதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அப்பா காருக்குப் பக்கத்தில் குனிந்தாராம். சக்கரத்துக்குள் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தாராம். நிமிர்ந்து தன்னையே பார்த்தாராம். பயந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். அப்புறம் போலீஸ் தேடி வந்ததும், கேட்பதற்கு முன்னாலேயே, நான்தான் என்றிருக்கிறார்.

எப்போதும் டேரிலின் நாக்கு நுனியில் தயாராக இருக்கும் கேலி ஒன்றுகூட வரவில்லை. அவன் மேடத்தைத் தனியாக இழுத்தான். நாம் எதையும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா, இன்னொரு மழை பெய்தால் அந்த எண்ணெயும் போய்விடும் என்று கெஞ்சுகிற குரலில் கேட்டான். துப்பறிகிற ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து அவன் கேட்ட மிக மோசமான கேள்வி அதுதான்.

“எண்ணெய் போயிட்டா எத்திராஜும் போயிடுவார்,” என்றார் வித்யாலட்சுமி. அவர் குரலும் சரியாக இல்லை.

அவர்கள் திரும்பியபோது தீபிகா ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தாள். “ஸ்டேஷனுக்கு ஆட்டோ கிடைக்கும் இங்க. நீங்க வண்டில வாங்க,” என்றாள்.

ஸ்டேஷனில் ராஜேஷ்குமாரும் லாவண்யாவும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். லாவண்யா ஈரோட்டுப் பெண், கல்யாணமாகிப் பெங்களூருக்கு வந்தவள். கையில் கட்டுப் போட்டு, கழுத்தோடு தொங்கவிட்டிருந்தாள். ஏன் இத்தனை தாமதம் என்று கணவர் மஞ்சுநாத்திடம் எகிறிக்கொண்டிருந்தார். தீபிகா நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், அப்பா எதுவும் செய்யல. அந்த பிரேக்குல எண்ணெ தடவினது நான். பூஜைக்குப் பளபளன்னு இருக்கணும்னு தடவினேன். தடவக்கூடாதுன்னு எனக்குத் தெரியாது.”

உள் பெஞ்சிலிருந்து எத்திராஜ் எழுந்து பாய்ந்து வந்தார். கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார். “சார், அவ சொல்றத நம்பாதீங்க. கொயந்த அது, பயத்துல உளறுது. நான்தான், நான்தான் செஞ்சேன்,” என்று அவர் குரல் உடைந்து கத்தினார். வித்யாலட்சுமி போனை மேஜைமேல் வைத்து, துரு பிடிக்காத வெளிப்பக்கத்தையும் துரு பிடித்த உள்பக்கத்தையும், புட்டியில் நிறைந்திருந்த ஆயிலையும் மஞ்சுநாத்துக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். மஞ்சுநாத் பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். விஷயம் சட்டென்று பிடிபட்டது. முகம் தொங்கிப்போனது.

ராஜேஷ்குமார் விடவில்லை. “அப்ப இந்தப் பொண்ணு மேல எழுதுங்க சார். தெரியாதுன்னு சொன்னா சரியாயிடுமா? என் வைஃப் செத்திருப்பா.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் டேரிலை வதைத்தது. மஞ்சுநாத் பேனாவை எடுத்தார். எத்திராஜ் கான்ஸ்டபிளின் கையை உதறிப் பார்த்து முடியாமல், மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கேள்வி,” என்றார் வித்யாலட்சுமி. “தீபிகா, நீ வருஷத்துல ஒருநாள் ஷெட்டுக்கு வர்ற பொண்ணு. டிஸ்க்னா என்னன்னே தெரியாது. சக்கரத்துக்குள்ள குனிஞ்சு துருவைத் தேடிப் பாக்கணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு? யாரு காட்டினாங்க?”

தீபிகா தலையைக் குனிந்துகொண்டாள். “யாரும் காட்டல. நானாத்தான் பாத்தேன்.”

அப்பனுக்குத் தப்பாத பெண் என்று டேரில் நினைத்தான். பொய் சொல்லும்போது இரண்டு பேருக்குமே பார்வை தரைக்குப் போய்விடுகிறது.

“இல்லீங்க,” என்றது ஒரு மெல்லிய குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். லாவண்யா கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“நான்தானுங்க காட்டினேன். பூஜைக்கு வந்திருந்தமுங்க. புது பிரேக் போட்டாச்சுன்னாங்க, உள்ள பாத்தா ஒரே துரு. சாமிக்கு நிறுத்தற வண்டி இப்படியா இருக்கறது, கொஞ்சம் தொடச்சு உடும்மான்னு இந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன். அதுவும் எண்ணெய எடுத்துட்டு வந்து தொடைச்சுது.” பிறகு கணவரைப் பார்த்தாள். “நீங்களும் பக்கத்துல நின்னு, இப்பத்தான் வண்டி வண்டியாட்டம் இருக்குன்னீங்க. மறந்துட்டீங்களா?”

ராஜேஷ்குமார் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மஞ்சுநாத் பேனாவை மூடினார். “காட்டினது இவங்க, தடவினது அவ, ஒத்துக்கிட்டது அப்பன். பக்கத்துல நின்னு ஆமான்னது புகார் கொடுத்தவரு. இப்ப நான் யாரை உள்ள போடறது, நீங்களே சொல்லுங்க.”

ராஜேஷ்குமார் யாரையும் போட வேண்டாம் என்று தலையை ஆட்டினார். விபத்தை விபத்து என்றே எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். லாவண்யா தீபிகாவின் பக்கத்தில் வந்து நின்றாள். வண்டியை இப்படியே எடுத்துவிடாதீர்கள், டிஸ்க்கைக் கழுவினால் போதும், ஆனால் எண்ணெய் குடித்த பேட் இனி உதவாது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வித்யாலட்சுமி ராஜேஷ்குமாரிடம் சொல்லிவைத்தார்.

எத்திராஜை வெளியே விட்டார்கள். அவர் வாசல் படியில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். தீபிகா பக்கத்தில் நின்றாள். திட்டுவார் என்று காத்திருக்கிற மாதிரி நின்றாள்.

“நீங்க உள்ள போயிட்டா நான் வெளிய இருந்து என்னப்பா பண்றது? ஏன் என்கிட்ட சொல்லல?”

எத்திராஜ் மகளின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கறையில்லாத வெள்ளைக் கைகள்.

“உன் கை இப்படியே இருக்கணும்னு ஷெட்டுப் பக்கமே உன்னை வுடாம வளத்தேன். அதனால பிரேக்குல எண்ணெ படக்கூடாதுன்னு உனக்கு ஒரு தடவ கூட நான் சொன்னதில்லம்மா. தப்பு எங்கிட்டதான். அதைத்தான் அவங்ககிட்ட சொன்னேன்.”

தீபிகா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நடு வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, இரண்டு நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். மேடம் ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னார். டேரில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் சாவியைத் தேடினான்.